நாச்சிமுத்துவின் மடியில் என் மகள்

1

வெளிநாட்டிலிருந்து எழுதுகிறேன் என்றதும் ஊரில் இருக்கும் நீங்கள் பனியையும் பாதாள ரயிலையும் எதிர்பார்த்திருப்பீர்கள். கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் நம் ஆட்கள் அதையெல்லாம் வேண்டிய மட்டும் எழுதிவிட்டார்கள். என் வெளிநாடு கோயம்புத்தூர். இங்கே பனி விழுவதில்லை. பேசுவது தமிழ். கும்பிடுவது நம்முடைய சாமிகளைத்தான். கடையில் போய் நின்றால் "வாங்க, என்ன வேணுமுங்க?" என்று கேட்கிறார்கள். இவ்வளவு மரியாதை நம் ஊரில் கலியாண மாப்பிள்ளைக்கு மட்டும்தான் கிடைக்கும்.

இருந்தும் இது வெளிநாடுதான். அதை நான் மறந்துவிடாமல் இருக்க அகதி முகாமில் செக்கிங் வைத்திருக்கிறார்கள். அன்று காலையில் குடும்பத் தலைவர் வேலைக்குப் போகக் கூடாது. அதிகாரி பெயரைக் கூப்பிட்டதும் முன்னால் போய் நிற்க வேண்டும். வீட்டில் இருக்கிற தலைகள் சரியா என்று பார்ப்பார்கள். ஏழு வயதில் மன்னாரிலிருந்து படகேறி வந்த நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு முதல் செக்கிங்கில் நின்றேன். இப்போது என் கையைப் பிடித்துக்கொண்டு என் மகள் வேணுகா நிற்கிறாள். அவளுக்கு எட்டு வயது. முகாம் மட்டும்தான் மாறியிருக்கிறது. அப்போது கடலோரம், கலியாணத்துக்குப் பிறகு கோயம்புத்தூர்ப் பக்கம்.

இந்தப் பங்குனியோடு என் மனைவி கலைமதி இங்கிருந்து போய் ஒரு வருடம் ஆகிறது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். பயப்படாதீர்கள், எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. சண்டை போட்டுப் பிரிந்திருந்தால் சமாதானமாகிச் சேரவும் வழி இருந்திருக்கும்.

யுத்தம் முடிந்ததும் அவளுடைய அப்பாவும் அம்மாவும் மன்னாருக்குத் திரும்பிப் போனார்கள். அம்மா காலமானார். பிறகு அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. கலைமதி ஒரே பிள்ளை. அவள் போகாவிட்டால் அவருக்குக் கஞ்சி ஊட்ட ஆளில்லை. மூன்று பேரும் சேர்ந்தே போக விண்ணப்பித்தோம். அவளுடைய காகிதங்கள் வந்தன, எங்களுடையவை வரவில்லை. வேணுகா இங்கே பிறந்தவள். இங்கே பிறந்ததால் இந்த நாட்டுப் பிள்ளை ஆகிவிடவில்லை. அந்த நாட்டுப் பிள்ளை என்று சொல்ல அங்கிருந்து ஒரு சான்று வரவேண்டும். அதைக் கேட்டுச் சென்னையில் இருக்கும் இலங்கைத் துணைத் தூதரகத்துக்கு மனு அனுப்பினேன். அங்கே கேட்டால் கொழும்பு என்கிறார்கள். கொழும்பு எதுவும் சொல்வதில்லை.

இங்கிருந்து ஒருமுறை புறப்பட்டுப் போனவர் மறுபடி முகாமுக்கு வர முடியாது. தெரிந்துதான் அவள் போனாள். "பின்னால நாங்கள் வாறம், நீ போ" என்று நானே சொல்லி அனுப்பினேன். அடுத்த செக்கிங்கில் அவள் பெயரைக் கூப்பிடவில்லை. வேணுகா என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றேன்.

2

பெண்பிள்ளையைத் தனியாக வளர்க்கும் தகப்பனின் நாள் தலைவாரலில் தொடங்குகிறது. நான் பெயின்டர். நம் முகாம் ஆண்களில் பாதிப்பேர் பெயின்டர்கள்தான். எவ்வளவு உயரச் சுவராக இருந்தாலும் கோடு பிசகாமல் அடித்துவிடுவேன். மகளின் தலையில் வகிடு மட்டும் நேராக வருவதில்லை. கலைமதி அங்கிருந்து வீடியோவில் மேற்பார்வை செய்வாள். "உப்பிடி இழுத்துக் கட்டாதேங்கோ, பிள்ளைக்குத் தலையிடிக்கும்." நான் தளர்த்திக் கட்டுவேன். பள்ளிக்கூடம் போய்ச் சேருவதற்குள் அது அவிழ்ந்துவிடும். மாலையில் ஒரு பக்கம் சடையும் மறு பக்கம் விரித்த தலையுமாக வந்து இறங்குவாள். அடுத்த நாளும் இதே கதை.

அவளுடைய பேச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். காலையில் என்னை எழுப்புவதே, "ஏனுங்ப்பா, எந்திரிங்க. தண்ணி வந்துருச்சு, கொடத்த எடுங்க" என்றுதான். நம்மில் தகப்பனிடம் பிள்ளைகள் இப்படிப் பேசுவதில்லை. முதலில் சிரிப்பாக இருந்தது. பிறகு என்னை வேறு வீட்டுக்காரன் என்று நினைக்கிறாளோ என்று தோன்றியது. "'ஓம்' எண்டு சொல்லு பார்ப்பம்" என்பேன். "ஓமுங்ப்பா" என்பாள். அதற்குமேல் நான் என்ன செய்ய?

முகாமுக்கு வெளியே நான் மட்டும் என்ன பேசுகிறேனாம்? "சேரீங்க", "வாரேனுங்க" என்றுதான் பேசுகிறேன். நம் தமிழில் பேசினால் பத்தாவது நிமிடம் "நீங்க எந்த ஊருங்க?" என்று கேட்பார்கள். மன்னார் என்றால் அடுத்த கேள்வி, "எப்பப் போறீங்க?" அவர்கள் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. ஒறம்பரையாக வந்தவர்களிடம், அதாவது சொந்தக்கார விருந்தாளிகளிடம், ஊருக்குப் புறப்படும் நாளைக் கேட்பது போலத்தான் கேட்கிறார்கள். அந்த நாள் எங்கள் கையில் இல்லை, அதுதான் கோளாறு.

எல்லாவற்றையும் ஊருக்குப் போனபிறகு என்று நாங்கள் தள்ளிவைத்திருந்தோம். நல்ல கட்டில், தையல் மெஷின், இரண்டாவது பிள்ளை எல்லாமே ஊருக்குப் போனபிறகுதான். வேணுகாவுக்குக் காது குத்துவதும் அப்படித்தான். தாத்தாவின் முன்னால், ஊர்க் கோயிலில் குத்துவோம் என்று கலைமதி சொல்லியிருந்தாள். அதற்காக அவளுடைய அம்மா விட்டுப்போன சின்னத் தோடு ஒரு சோடியைத் துணியில் முடிந்து கையோடு கொண்டுபோனாள்.

3

ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. பிள்ளைக்குக் காது வீங்கியிருக்கிறது, கூட்டிக்கொண்டு போங்கள் என்றார் டீச்சர். நான் சூலூர்ப் பக்கம் ஒரு வீட்டுக் கதவுகளுக்கு எனாமல் அடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் கான்டிராக்டர் நாச்சிமுத்து அண்ணன் தன் டெம்போவை எடுத்துக்கொண்டு கூடவே வந்தார்.

நாச்சிமுத்து அண்ணனுக்குச் சொந்த ஊரே சூலூர்தான். கொஞ்சம் தோட்டம் இருக்கிறது. இரண்டு பையன்கள். குரல்தான் பெரிதே தவிர மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளத் தெரியாது. வேலையில் பிசகினால் தெருவே கேட்கும்படி திட்டுவார். திட்டும்போதும் "ஏனுங் தம்பி, கண்ணு தெரியுதுங்களா இல்லீங்களா?" என்று மரியாதையாகத்தான் திட்டுவார்.

பள்ளிக்கூடத்தில் வேணுகா வாசலில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு காதும் பழுத்த மிளகாயாகச் சிவந்திருந்தன. கல்வைத்த ஒட்டுப்பொட்டைக் காதுமடலில் தோடுபோல ஒட்டியிருக்கிறாள். அது விழாமல் இருக்க, கைவேலை வகுப்புக்கு வைத்திருந்த பசையையும் தடவியிருக்கிறாள்.

"ஏன் பிள்ளை உப்பிடிச் செய்தனீ?"

"எல்லாப் புள்ளைகளும் காது குத்திருக்குதுங்ப்பா. நா மட்டுந்தான் மொட்டக் காது. 'உனக்கு மாமன் இல்லியாடி?'ன்னு கேக்கறாங்க."

இத்தனை மாதமாக அடக்கிவைத்திருந்த கோபம் எல்லாம் எழுந்து வந்தது. யார்மீது கோபம் என்றுதான் தெரியவில்லை. டாக்டர் களிம்பு கொடுத்தார். வீக்கம் வடிந்து தோல் சரியானதும் குத்திவிட வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன். ஊர், கோயில், தாத்தா என்று இன்னும் எத்தனை காலம் ஒரு பிள்ளையைக் காக்கவைப்பது?

சில வாரங்கள் கழித்து ஒரு சனிக்கிழமை, பெயின்ட் வாங்க நாச்சிமுத்து அண்ணனோடு டவுனுக்குப் போகவேண்டியிருந்தது. பள்ளிக்கூடம் இல்லாததால் வேணுகாவும் டெம்போவில் இருந்தாள். வழியில் ஆசாரி கடை கண்ணில் பட்டது. இறங்கிவிட்டோம். இங்கேதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

காலையில் அடித்த எனாமல் என் இரண்டு கையிலும் அப்பியிருந்தது. தின்னர் போட்டுக் கழுவினால் ஒழியப் போகாது. ஆசாரி ஊசியோடு தயாராக இருந்தார். பிள்ளையை யாராவது மடியில் வைத்துப் பிடித்தாக வேண்டும். அவள் போட்டிருந்ததோ புதுச் சட்டை. நான் திரும்பி, "அண்ணா, நீங்க மடில வெச்சுப் புடிச்சுக்கங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

நாச்சிமுத்து அண்ணன் அசையவில்லை. "நானுங்களா?" என்றார்.

"ஆமாண்ணா."

"தம்பி, யோசிச்சுத்தான் சொல்றீங்களா? இது சும்மா காரியமில்லீங்க."

மனுசன் ஊசிக்குப் பயப்படுகிறார் என்று நினைத்தேன். "இதுல யோசிக்க என்ன இருக்குதுங்க? உங்கள உட்டா எங்களுக்கு இங்க யாரு?" என்றேன். கைகளைத் தூக்கிப் பெயின்டையும் காட்டினேன். அவர் பெயின்டைப் பார்க்கவே இல்லை. என் முகத்தைத்தான் பார்த்தார்.

"சேரீங்க. செத்த இருங்க, வந்தர்றேன்" என்று இறங்கிப் போனார்.

வெகு நேரம் ஆளைக் காணவில்லை. ஆசாரி ஊசியைத் திரும்ப வைத்துவிட்டார். திரும்பி வந்தபோது நாச்சிமுத்து அண்ணனை எனக்கு அடையாளம் தெரியவில்லை. முகம் கழுவி, திருநீறு பூசி, தோளில் புதுத் துண்டு போட்டிருந்தார். ஒரு கையில் பட்டுப்பாவாடை சட்டை, மறு கையில் தேங்காய், பழம், பூமாலை. ஆசாரி ஒரு தட்டை எடுத்துக் கொடுத்தார். கடையில் இருந்த பெண்கள் எழுந்து நின்றார்கள். நாச்சிமுத்து அண்ணன் கிழக்குப் பார்த்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மாலையை வேணுகாவின் கழுத்தில் போட்டு, அவளை மடியில் ஏற்றிக்கொண்டார். அவருடைய கண்கள் கலங்கியிருந்தன. ஆசாரி காது குத்தி, அண்ணன் வாங்கிக் கொடுத்த தோட்டைப் போட்டபோதும் வேணுகா அழவேயில்லை. மடியில் இருந்தபடி கடையைச் சுற்றிப் பார்த்தாள். எல்லாரும் தன்னையே பார்க்கிறார்கள் என்பது அவளுக்குப் பிடித்திருந்தது.

நான் பெயின்ட் கையோடு ஓரமாக நின்றேன். தாய்மாமன் மடியில் வைத்துக் காது குத்துவார்கள் என்று எனக்கும் தெரியும். நாலு காதுகுத்து வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். ஆனால் எங்கள் முகாம் வழக்கத்தில் அது ஒரு சடங்கு. முடிந்ததும் வடை சாப்பிட்டுவிட்டுக் கலைந்துவிடுவோம். இங்கே அப்படி இல்லை. இங்கே ஒருவரை மடியில் வைக்கச் சொன்னால், அவருக்கு ஒரு தங்கச்சியைக் கொடுத்ததாக அர்த்தம். இது எனக்கு அப்போது தெரியவில்லை.

திரும்பும் வழியில் அவரே சொன்னார். "எனக்குக் கூடப்பொறந்த பொண்ணு ஒண்ணு இல்லீங்க. என்ர கண்ணாலத்துல, பொறந்தவ ஒக்கார்ற இணைச்சீருக்குக்கூட பெரியப்பம் மகளத்தானுங்க கூட்டியாந்து ஒக்கார வெச்சாங்க. ஒரு புள்ளைய மடில வெக்கற பாக்கியம் எனக்கில்லீன்னு நெனச்சுட்டே இருந்தேன். நீங்க கேட்டுப்போட்டீங்க."

இதற்குப் பிறகு பெயின்ட் கதையை எப்படிச் சொல்வது?

4

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். ஒரு மில் கட்டடத்தின் வெளிச்சுவர் வேலை. உச்சியில் கயிற்றைக் கட்டி, பலகையில் உட்கார்ந்து, தொங்கிக்கொண்டே அடிக்க வேண்டும். அந்த வேலைக்கு நான்தான் முதல் ஆள். கயிற்றை எடுத்தேன். நாச்சிமுத்து அண்ணன் பிடுங்கிக்கொண்டார்.

"வெய்யுங்க. வேற பையன ஏத்தலாம்."

"ஏனுங்கண்ணா? நல்லாத்தான அடிக்கறேன்?"

"அண்ணன்னு கூப்புடாதீங்க மாப்ள. மச்சான்னு சொல்லோணும். மாப்ளைய கவுத்துல தொங்க உட்டுப்போட்டு நா கீழ நின்னு டீக் குடிச்சா, ஒறம்பரைக்குள்ள என்ர மொகத்துல காறித் துப்ப மாட்டாங்களா?"

இப்படி என்னைத் தரையில் இறக்கிவிட்டார். ஜன்னல் கம்பிக்கு வெள்ளை அடிக்கும் வேலை. திட்டுவதையும் நிறுத்திவிட்டார். நான் வேண்டுமென்றே ஒருமுறை கோட்டைக் கோணலாக இழுத்துப் பார்த்தேன். "பரவால்லீங்க மாப்ள" என்றார். திட்டாத நாச்சிமுத்துவோடு வேலை செய்வது எவ்வளவு கஷ்டம் என்று கூட வேலைசெய்யும் பையன்களைக் கேட்டால் சொல்வார்கள். எனக்குச் சேரவேண்டிய திட்டையும் அவர்கள்தான் வாங்கினார்கள்.

அவருடைய மனைவி ஈஸ்வரி அக்கா நோம்பிக்கு நோம்பி, பண்டிகை ஒன்று விடாமல், பலகாரம் கொடுத்தனுப்பினார். வேணுகாவுக்கு மாமன் வீட்டு முறுக்கு என்றால் தனி ருசி. வகுப்பில் எல்லாருக்கும் காதைக் காட்டி, "எங்க மாமன் சூலூருங்க, டெம்போ வெச்சிருக்காரு" என்று சொல்லிவிட்டாள். விடுமுறை விட்டால் அங்கே போய்விடுவாள். தோட்டம், மாடு, இரண்டு மாமன் மகன்கள்.

எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். அவர்கள் அன்பு காட்டக் காட்ட எனக்கு மூச்சு முட்டியது. முகாமின் கேட் ஒரு பக்கம் பூட்டு என்றால் இந்த அன்பு இன்னொரு பக்கம் பூட்டு. நாளைக்கே சென்னையிலிருந்து சான்று வந்துவிட்டால், இந்தப் பிள்ளையை இங்கிருந்து எப்படிப் பெயர்த்து எடுப்பேன்? சான்று வராவிட்டால், கலைமதிக்கு என்ன பதில் சொல்வேன்? அங்கே மாமனாரின் படுக்கையை விட்டு அவள் அசைய முடியாது. இங்கே செக்கிங்கை விட்டு நான் அசைய முடியாது. நடுவில் இருக்கிற கடல் என்னவோ சின்னதுதான். ஏழு வயதில் ஒரே இரவில் கடந்திருக்கிறேன்.

5

காது குத்தியதைக் கலைமதியிடம் உடனே சொல்லவில்லை. தலைவாரும்போது போனைப் பின்பக்கமாகப் பிடித்துச் சமாளித்தேன். மகள்தான் ஒரு நாள் திரும்பிக் காட்டிவிட்டாள். "அம்மா, பாருங்க! மாமன் போட்டாங்க!"

கலைமதி போனை முகத்துக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். பிறகு, "ஏனப்பா உப்பிடிச் செய்தனீங்கள்?" என்றாள். "இஞ்ச வந்தாப் பிறகு அப்பாவுக்கு முன்னால குத்துவம் எண்டுதானே கதைச்சனாங்கள்? அப்ப நீங்கள் வாற எண்ணம் இல்லையோ?"

அவள் கேட்டது காதைப் பற்றி அல்ல என்று எனக்கு விளங்கியது. வருவோம் என்றேன். எப்போது என்றாள். நான் சென்னை, கொழும்பு என்று பழைய பாட்டைப் பாடினேன். போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு சில நாட்கள் மகளோடு மட்டும் பேசினாள். தலைவாருவதற்கு மேற்பார்வை இல்லாததால் சடை கோணலாகவே போனது.

ஒரு நாள் அவளே கேட்டாள். "அவர் ஆர் அந்த மனுசன்?"

ஒன்றுவிடாமல் சொன்னேன். பெயின்ட் கை, புதுத் துண்டு, கயிறு, முறுக்கு எல்லாம். அவள் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். "என்னை ஒரு நாளும் கண்டதில்லை. நான் தங்கச்சியோ? கோதாரி!" ஊருக்குப் போனபிறகு அவள் அப்படிச் சிரித்துக் கேட்டதில்லை. அந்த வாரமே ஈஸ்வரி அக்கா அவளைப் போனில் பிடித்துவிட்டார். "அம்மணி, நல்லா இருக்கறீங்களா? உங்க அண்ணன் உங்களப் பத்தியேதான் பேசிட்டிருக்காருங்க." இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. பேச்சு முடிந்தபோது கலைமதி இங்கே வந்து பார்த்துவிட்டுப் போவதாக முடிவாகியிருந்தது.

அப்பாவைக் கொஞ்ச நாள் பார்த்துக்கொள்ள அங்கே பக்கத்து வீட்டார் ஒப்புக்கொண்டார்கள். கலைமதி இப்போது அந்த நாட்டுக் குடிமகள். பாஸ்போர்ட் எடுத்து, சுற்றுலாப் பயணியாக வரலாம். சொந்தப் புருஷனையும் பிள்ளையையும் பார்க்க வருவது சுற்றுலா! சிரிக்க வேண்டாம், வேறு வழியில்லை. எங்கே தங்குவார் என்று விலாசம் கேட்டார்கள். முகாமுக்குள் வெளிநாட்டார் தங்கக் கூடாது. பத்து வருடம் அவள் குடித்தனம் செய்த லைன் வீடு, அவளே பூசி மெழுகின அடுப்பு, அங்கே அவள் வெளிநாட்டார்.

நாச்சிமுத்து மச்சானிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் கோபித்துக்கொண்டார். நல்லவேளை, திட்டு திரும்ப வந்தது. "எங்கம்மணி என்ர ஊட்டுக்கு வாரா. இதுல நீங்க யாருங்க நடுவுல வந்து பர்மிசன் கேக்கறதுக்கு?"

வெளிநாட்டிலிருந்து ஆள் வருவதை முன்கூட்டியே போலீஸ் ஸ்டேஷனில் சொல்லிவைத்தால் நல்லது என்று யாரோ சொன்னார்கள். நானும் மச்சானும் வேணுகாவும் போனோம். ஸ்டேஷன் ரைட்டர் பெருந்துறைப் பக்கத்து ஆள். மரியாதையாக நாற்காலி காட்டினார். வருபவர் என்ன உறவு என்று கேட்டார்.

"தங்கச்சிங்க" என்றார் மச்சான்.

ரைட்டர் பேனாவை வைத்தார். "அவிய சிலோன்ங்கறீங்க. நீங்க சூலூரு. எப்படிங்க தங்கச்சி?"

கலியாணச் சான்று, குடும்ப அட்டை, போட்டோ எல்லாம் பையில் இருந்தன. பையைத் திறக்கப்போனேன். மச்சான் என் கையைத் தட்டிவிட்டார்.

"கண்ணு, இக்கட்டால வா. தலையத் திருப்பி ஐயாவுக்குக் காதக் காட்டு."

வேணுகா போய்க் காதைக் காட்டினாள். முதலில் ஒன்று, பிறகு கேட்காமலே மற்றதும். ரைட்டர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து மச்சானைப் பார்த்தார்.

"மடில வெச்சது நீங்களா?"

"நாந்தானுங்க."

"மொட்டை?"

"அது முந்தியே முகாமுல அடிச்சுட்டாங்களாமா. அதுக்கு நா என்ன பண்றதுங்க?" என்றார் மச்சான், நிஜமான குறையோடு.

"அப்பச் சேரி" என்று ரைட்டர் எழுதத் தொடங்கினார். அவள் புருஷன் நான்தான் என்று காட்ட இந்த வருடம் முழுக்க எத்தனையோ கதவுகளில் எத்தனையோ காகிதங்களை நீட்டியிருக்கிறேன். அண்ணன் என்று காட்ட ஒரு காது போதுமாக இருந்தது. எனக்குப் பொறாமையாக இருந்தது.

6

கலைமதி திருச்சியில் விமானம் இறங்கி ரயிலில் வந்தாள். போத்தனூர் ஸ்டேஷனில் நானும் வேணுகாவும் நின்றோம். மெலிந்து கறுத்திருந்தாள். வேணுகா ஓடிப்போய்க் கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் என் பின்னால் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு முன்னால் வந்து, "வாங்கம்மா. நல்லா இருக்கறீங்களா? சாப்புட்டீங்களா?" என்றாள். சூலூரில் விருந்தாளிகளை வரவேற்று வரவேற்றுப் பழகிய பிள்ளை. கலைமதி அப்படியே முழங்காலிட்டு அவளை இழுத்து அணைத்து, "ஓம் பிள்ளை, சாப்பிட்டனான்" என்று சொன்னாள். அவள் சாப்பிட்டிருக்கவில்லை.

சூலூர் வீட்டு வாசலில் ஈஸ்வரி அக்கா ஆரத்தி எடுத்தார். மச்சான் தங்கச்சியை முதல் முறையாகப் பார்த்தார். இவ்வளவு நாள் என்னிடம் கத்திய மனுசன், "வாம்மணி" என்று சொல்லிவிட்டு மாட்டைப் பார்க்கப் போய்விட்டார். பகல் முழுதும் சாப்பாடும் பேச்சுமாகப் போனது. கலைமதி துணி முடிச்சை அவிழ்த்து, தன் அம்மாவின் தோட்டை எடுத்தாள். மச்சான் போட்டதைக் கழற்றப் போகிறாளோ என்று எல்லாரும் பார்த்தோம். காதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "வடிவாத்தான் குத்தியிருக்கு. இது இருக்கட்டும்" என்று முடிச்சைத் திரும்பப் போட்டு ஈஸ்வரி அக்காவிடம் கொடுத்து வைக்கச் சொன்னாள். அடுத்த நாள் மகளுக்கு அவளே தலைவார வேண்டும் என்றாள். அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. அடுத்த நாள் காலையில் செக்கிங்.

பொழுது சாயும் நேரத்தில் எழுந்தேன். நானும் வேணுகாவும் கடைசிப் பஸ்ஸுக்கு முன்னால் முகாம் போய்ச் சேர வேண்டும். எல்லாரும் வாசலுக்கு வந்தார்கள். ஈஸ்வரி அக்கா உள்ளேயிருந்து ஒரு தட்டோடு வந்தார். தேங்காய், பழம், மஞ்சள், குங்குமம், மடித்த சேலை, மல்லிகைப்பூ. பிறந்த வீட்டுக்கு வந்த பெண் புருஷன் வீட்டுக்குக் கிளம்பும்போது வெறுங்கையோடு போகக் கூடாது. அந்த வீட்டில் அதுவரை கொடுக்க ஆள் இல்லாத சீர். மத்தியானத்திலிருந்து பார்த்துப் பார்த்து அடுக்கியிருக்கிறார்.

"வாங்க அம்மணி, வாங்கிக்கோங்க" என்று தட்டை நீட்டினார். நீட்டிய பிறகுதான் அவருக்கு உறைத்தது. கிளம்புவது அவள் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு நிற்பது நான். அண்ணன் வீட்டில் தங்கப்போவது அவள். அக்காவின் கை அந்தரத்தில் நின்றது. மச்சான் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அங்கேயே உட்கார்ந்து கத்தி அழவேண்டும் போல இருந்தது.

கலைமதிதான் முன்னால் வந்தாள். தட்டை இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, என்னிடம் நீட்டினாள்.

"கொண்டு போங்கோ. என்ர வீட்டில வையுங்கோ."

பஸ்ஸில் தட்டு என் மடியில் இருந்தது. வேணுகா மல்லிகைப்பூவை மோந்து பார்த்துக்கொண்டே வந்தாள். நாளைக்குப் பள்ளிக்கூடம் முடிந்து நேராக மாமன் வீட்டுக்குப் போய்விடலாமா என்று கேட்டாள். போகலாம் என்றேன். முகாம் கேட்டில் எங்கள் லைனில் இருக்கும் பாக்கியம் அக்கா தண்ணீர்க் குடத்தோடு நின்றார். தட்டைப் பார்த்ததும் குடத்தை இறக்கி வைத்தார்.

"என்ன பிள்ளை, சீர்த்தட்டெல்லாம்? ஆருக்கு?"

நான் வாயைத் திறப்பதற்குள், பஸ் தாமதம் என்று சொல்வதைப்போல வேணுகா சொன்னாள்.

"எங்கம்மாளுக்குங்க. அம்மா உள்ள வரக்கூடாதுல்லங்க, அதான் சீரு மட்டும் வந்துருக்குது."